இலவச மென்பொருளுக்குக் காசு கொடுப்பது யார்?

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் பழைய யாழ்ப்பாணச் சஞ்சிகை ஒன்றைத் திறக்கிறீர்கள். அதைத் திரைக்குக் கொண்டுவரும் மீடியாவிக்கி ஒரு திறந்த மூல மென்பொருள். அதற்காக நீங்கள் ஒரு சதமும் கட்டவில்லை.

ஏன் பணத் தட்டுப்பாடு?

சனசமூக நிலையத்துப் பேப்பரைப் போலத்தான்: வாசிக்கப் பலர், சந்தா கட்டச் சிலர். இணையத்தின் பெரும்பகுதியைக் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலராகவே இருந்தது. 2014இல் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. கிரிப்டோ நாணயங்களுக்கும் இதே சிக்கல்: நிரல் எல்லாருக்கும் பொது, அதைப் பராமரிப்பவர் பலருக்குச் சம்பளம் இல்லை.

எப்படித் தீர்க்கிறார்கள்?

ஸோயி ஹிட்ஸிக், கிளென் வைல், எதீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரின் மூவரும் 2018இல் 'இருபடி நிதியளிப்பு' முறையை முன்வைத்தனர். திறந்த மூலத் திட்டங்களுக்கு நிதி திரட்டும் தளமான கிட்காயின் 2019 முதல் அதை நடைமுறைப்படுத்தியது.

கணக்கு இதுதான். ஒவ்வொருவர் தொகைக்கும் வர்க்கமூலம் எடுத்துக் கூட்டி, கூட்டுத்தொகையை வர்க்கிக்க வேண்டும். 25 பேர் தலைக்கு 100 ரூபா கொடுத்தால் 25×10=250; அதன் வர்க்கம் 62,500. சேர்ந்த 2,500 போக, மிச்சம் 60,000 ரூபாவை இதற்கென ஒதுக்கிய பொது நிதி தரும். ஒருவரே 2,500 கொடுத்தாலோ பொது நிதியிலிருந்து ஒன்றும் வராது. பொது நிதி போதாவிட்டால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறையும்.

ஆகவே பணத்தின் கனத்தைவிட ஆட்களின் எண்ணிக்கையே வெல்லும். ஒருவரே பத்துப் பெயரில் வந்து ஏமாற்றலாம் என்பதால், ஆள் அடையாளத்தைச் சரிபார்ப்பதுதான் இம்முறையின் பெரிய தலைவலி.