இரண்டு கேபிள் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமா?

கல்முனையில் கடையோ, ரியூஷன் நிலையமோ, கணினிகள் பெருகியதும் இந்தக் கேள்வி வந்துவிடும்: இரண்டு சுவிட்சுக்கும் நடுவே இன்னொரு கேபிளைக் கொழுவிவிட்டால் என்ன?

சும்மா கொழுவினால் பலன் இல்லை. நல்ல சுவிட்ச் என்றால், சுற்றுப்பாதையைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு இரண்டாவது கேபிளை முடக்கி வைக்கும். அது இல்லாத மலிவுச் சுவிட்ச் என்றால் ஒரே தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி, விளக்குகளெல்லாம் வெறிபிடித்தது போல மினுங்கி, முழு வலையமைப்பும் படுத்துவிடும்.

இரண்டையும் ஒரே இணைப்பாக நடத்தச் சொல்வதுதான் லிங்க் அக்ரிகேஷன். ஈதர்நெட் சுவிட்சை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த கல்பனா என்ற அமெரிக்கக் கம்பனியின் யோசனை இது. 1994இல் சிஸ்கோ அந்தக் கம்பனியை வாங்கியது. 2000இல் 802.3ஏடி என்ற பொதுத் தரம் வந்தது.

சிஸ்கோவில் இரு போர்ட்களையும் தெரிவுசெய்து ‘சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்’ என்று கொடுத்தால் இந்தத் தரத்தின் எல்.ஏ.சி.பி. என்ற நெறிமுறை எதிர்முனையோடு பேசி இணைப்பை உறுதிசெய்யும். மறுமுனை ஆக்டிவாகவோ பாசிவாகவோ இருக்கலாம்; இரண்டும் பாசிவ் என்றால் யாரும் பேச்சைத் தொடங்கமாட்டார்கள். ‘ஆன்’ என்று கட்டாயப்படுத்தினால் எதிர்முனை இசைந்ததா என்ற சோதனையே கிடையாது. அதைத் தவிர்ப்பது நல்லது. போர்ட்களின் வேகம் ஒன்றாக இருக்கவேண்டும். இரு முனையிலும் கட்டளை கொடுத்து முடித்த பிறகே இரண்டாவது கேபிளைக் கொழுவுங்கள். இன்னொன்று: எச்.பி. புரோகர்வ் சுவிட்சில் ‘ட்ரங்க்’ என்பது இந்தக் கேபிள் கட்டு, சிஸ்கோவில் அது பல வீலான்களை (ஒரே சுவிட்சில் பிரித்த தனி வலையமைப்புகளை) சுமக்கும் போர்ட். இரு கம்பனிச் சுவிட்சுகளை இணைப்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

இனி வேகம். ஒரு கணினியிலிருந்து சேர்வருக்கு ஒரு பெரிய கோப்பை அனுப்பினால், 1 ஜிகாபிட் கேபிள் இரண்டு இருந்தும் 1 ஜிகாபிட்டைத் தாண்டாது. பொட்டலங்கள் வரிசை குழம்பாமலிருக்க, ஓர் உரையாடல் முழுவதையும் சுவிட்ச் ஒரே கேபிளில்தான் விடும். எதில் என்பதை முகவரிகளை வைத்துக் கணக்கிடும். பெறுநரின் மெக் முகவரியை மட்டும் பார்க்கச் சொல்லிவைத்தால், ஒரே சேர்வரை நாடும் ஆய்வுகூடம் முழுவதும் ஒரே கேபிளில் நெரியும். மற்றது வெறுமையாகக் கிடக்கும். இரு தரப்பு ஐபி முகவரிகளையும் பார்க்கச் சொல்வதே உத்தமம்.

என் கணிப்பில் உண்மையான லாபம் வேறு: ஒன்று அறுந்தாலும் மற்றது ஓடும். 1995இல் தொடங்கி, பீடம் பீடமாகக் கட்டிடங்கள் பெருகிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற வளாகத்துக்கு அதுதான் பெரிது. இரு கேபிள்களையும் ஒரே குழாயில் இழுத்தால் அந்த லாபமும் போய்விடும். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போவது ஃபைபராக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மின்னலுக்குச் செப்புக் கேபிள் போர்ட்டோடு பலியாகும். உப்புக்காற்றும் செப்பு முனைகளைச் சும்மா விடாது.

இணையம் மெதுவாக இருக்கிறதே என்று மட்டும் இதைச் செய்யாதீர்கள். வெளியிணைப்பு 100 மெகாபிட் என்றால், உள்ளே எத்தனை கேபிள் கட்டினாலும் இணையம் 100க்கு மேல் வராது.