நடாஷா டிரெத்வே

நடாஷா டிரெத்வே (பிறப்பு: ஏப்ரல் 26, 1966) அமெரிக்கக் கவிஞர், பேராசிரியர். 2007-ல் கவிதைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவின் அரசவைக் கவிஞராகப் பணியாற்றினார். நினைவுச்சின்னம் எழுப்பப்படாதவர்களே அவருடைய கவிதைகளின் மையம். கொல்லப்பட்ட அவருடைய தாயும், வரலாறு மறந்த கறுப்பினப் படைவீரர்களும் அவற்றில் அருகருகே இடம்பெறுகிறார்கள்.

பிறப்பு, இளமை

டிரெத்வே மிசிசிப்பி மாநிலத்தின் கடற்கரை நகரான கல்ஃபோர்ட்டில் பிறந்தார். தாய் க்வென்டலின் டர்ன்பா, கறுப்பினத்தவர், சமூகப் பணியாளர். தந்தை எரிக் டிரெத்வே, கனடாவிலிருந்து வந்த வெள்ளையர், கவிஞர், பேராசிரியர். அக்காலத்தில் மிசிசிப்பியில் இருவேறு இனத்தவர் மணப்பது குற்றம். அதனால் இருவரும் 1965-ல் ஒஹாயோ மாநிலத்துக்குச் சென்று மணந்துகொண்டனர். இத்தகைய சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967-ல்தான். ஆகவே டிரெத்வே பிறந்தபோது பெற்றோரின் திருமணம் அவர்கள் வாழ்ந்த மாநிலத்தில் செல்லாததாக இருந்தது. அவர் பிறந்த ஏப்ரல் 26, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் வீரர்களை மிசிசிப்பி அக்காலத்தில் நினைவுகூர்ந்த நாள்.

பெற்றோர் மணமுறிவு பெற்றபின் தாயுடன் அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் கணவரின் வன்முறையால் அவரையும் விட்டுப் பிரிந்தார். 1985 ஜூன் 5 அன்று அந்த முன்னாள் கணவர் அவரைச் சுட்டுக் கொன்றார். அப்போது டிரெத்வேக்கு வயது 19, ஜார்ஜியா பல்கலைக்கழக மாணவி.

கல்வி, ஆசிரியப் பணி

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலைப் பட்டமும், தந்தை கற்பித்த ஹாலின்ஸில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1995-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் கவிதைக்கான நுண்கலை முதுகலைப் பட்டம் பெற்றார். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபின் 2001-ல் அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கு படைப்பிலக்கியத் துறையை வழிநடத்தினார். 2017 முதல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். கணவர் பிரெட் காட்ஸ்டன் வரலாற்றாய்வாளர்.

இலக்கிய வாழ்க்கை

முதல் தொகுப்பான 'டொமஸ்டிக் வொர்க்' (வீட்டு வேலை) 2000-ல் வெளிவந்தது. தென்மாநிலக் கறுப்பின உழைப்பாளிகளின் அன்றாடத்தை, குறிப்பாகத் தன் தாய்வழிப் பாட்டியின் வாழ்க்கையை, இதில் எழுதினார். கறுப்பினக் கவிஞரின் முதல் நூலுக்கு வழங்கப்படும் கேவ் கேனம் பரிசைப் பெற்ற முதல் நூல் இது. தேர்வு செய்தவர் கவிஞர் ரீட்டா டவ்.

இரண்டாம் தொகுப்பு 'பெல்லாக்ஸ் ஒஃபீலியா' (2002). 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸின் விபச்சார விடுதிப் பெண்களை ஈ.ஜே. பெல்லாக் என்பவர் படமெடுத்தார். அந்தப் படங்களில் இருக்கும் பெண்களின் பெயர்கள் தெரியவில்லை. அவர்களுள் ஒருத்திக்கு ஒஃபீலியா என்று பெயர் சூட்டி, அவள் எழுதும் கடிதங்களாகக் கவிதைகளை அமைத்தார்.

நேட்டிவ் கார்ட்

2006-ல் வெளிவந்த 'நேட்டிவ் கார்ட்' அவருடைய முதன்மையான படைப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் ஒன்றியப் படைக்காகத் திரட்டப்பட்ட முதல் கறுப்பினப் படைப்பிரிவுகளுள் ஒன்றின் பெயர் இது. அவ்வீரர்களுள் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். கல்ஃபோர்ட்டுக்கு எதிரே கடலிலுள்ள ஷிப் தீவில், சிறைப்பட்ட தென்மாநில வீரர்களுக்கு அவர்கள் காவல் இருந்தனர். நேற்றைய அடிமைகளின் காவலில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்டவர்கள் இருந்தனர். தீவின் கோட்டையில் இறந்த தென்மாநில வீரர்களின் பெயர்ப் பலகை உண்டு. காவல் இருந்த கறுப்பின வீரர்களுக்கு அத்தகைய பலகை இல்லாததை டிரெத்வே இந்நூலில் எழுதினார்.

தலைப்புக் கவிதை, எழுதப் படிக்கக் கற்ற ஒரு முன்னாள் அடிமை வீரரின் நாட்குறிப்பாக அமைந்தது. கைவிடப்பட்ட தென்மாநில வீடு ஒன்றில் கிடைத்த குறிப்பேட்டில், முன்பே எழுதப்பட்ட வரிகளுக்குக் குறுக்காக அவர் எழுதுகிறார். ஒருவருடைய வரலாற்றின்மேல் மற்றொருவருடைய வரலாறு எழுதப்படுவதை இந்தக் குறிப்பேடு காட்டிவிடுகிறது. கவிதை பத்து சானெட்டுகளால் ஆனது. ஒன்றின் இறுதி வரி, சிறு மாற்றத்துடன், அடுத்ததன் முதல் வரியாகிறது. தமிழ் வாசகர் இதை அந்தாதியோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம்.

இந்நூலின் முதற்பகுதி தாய்க்கான இரங்கற்பாக்கள். தாயின் கல்லறைக்கும் நெடுங்காலம் கல் நாட்டப்படவில்லை. வீட்டின் துயரத்தையும் நாட்டின் மறதியையும் ஒரே நூலில் வைத்ததால், தாய்க்கும் படைவீரர்களுக்கும் அந்நூலே நினைவுச்சின்னம் ஆகிறது. நூலிலுள்ள 'இன்சிடென்ட்' என்ற கவிதை, குடும்ப வீட்டின் முன் இனவெறியர்கள் சிலுவையை எரித்ததைப் பற்றியது. மலாய் மரபிலிருந்து வந்த 'பான்டூம்' வடிவத்தில், வரிகள் மீண்டும் மீண்டும் வருமாறு எழுதப்பட்டது. குடும்பத்தினர் ஆண்டுதோறும் சொல்லிக்கொள்ளும் கதைக்கு அந்த வடிவம் பொருந்துகிறது.

பிற்கால நூல்கள்

'பியாண்ட் கத்ரீனா' (2010), 2005-ஆம் ஆண்டின் கத்ரீனா புயலுக்குப் பிந்தைய மிசிசிப்பிக் கடற்கரையைப் பற்றிய உரைநடை நூல். 'த்ரால்' (2012) கலப்பினக் குடும்பங்களைச் சித்திரிக்கும் பழைய மெக்சிகோ ஓவியங்கள் வழியாக, வெள்ளைத் தந்தைக்கும் கலப்பின மகளுக்கும் இடையிலான உறவை ஆராய்கிறது.

தாயின் கொலையை உரைநடையில் முழுமையாக எழுத அவருக்கு 35 ஆண்டுகள் ஆயின. 2020-ல் வெளிவந்த 'மெமோரியல் டிரைவ்' அந்நூல். அட்லாண்டாவிலிருந்து ஸ்டோன் மலை நோக்கிச் செல்லும் சாலையின் பெயர் இது. அம்மலையில் தென்மாநிலத் தலைவர்களின் மாபெரும் சிற்பம் செதுக்கப்பட்டுள்ளது. தாய் கைப்பட எழுதியவற்றையும், கொலையாளியுடன் அவர் பேசிய தொலைபேசி உரையாடல்களின் பதிவையும் நூலில் சேர்த்தார். கொலையுண்டவராக மட்டும் அறியப்பட்ட தாய், இங்கு தன் சொந்தக் குரலில் பேசுகிறார்.

அரசவைக் கவிஞர்

2012-ல் காங்கிரஸ் நூலகம் அவரை நாட்டின் 19-ஆவது அரசவைக் கவிஞராக நியமித்தது. அதே காலத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் அரசவைக் கவிஞராகவும் இருந்தார். நூலகத்தில் அலுவல் நேரம் ஒதுக்கிப் பொதுமக்களைச் சந்தித்தார். இரண்டாம் ஆண்டில் பத்திரிகையாளர் ஜெஃப்ரி பிரவுனுடன் பயணித்து, மறதிநோயாளிகளும் சிறார் தடுப்புக் காவலில் இருப்போரும் கவிதையால் பெறும் துணையைத் தொலைக்காட்சித் தொடராக்கினார்.

விருதுகள்

- கேவ் கேனம் பரிசு, 1999
- புலிட்சர் பரிசு, 2007 (நேட்டிவ் கார்ட்)
- அனிஸ்ஃபீல்டு-வுல்ஃப் நூல் விருது, 2021 (மெமோரியல் டிரைவ்)

நூல்கள்

கவிதை
- டொமஸ்டிக் வொர்க் (2000)
- பெல்லாக்ஸ் ஒஃபீலியா (2002)
- நேட்டிவ் கார்ட் (2006)
- த்ரால் (2012)
- மான்யுமெண்ட் (2018)

உரைநடை
- பியாண்ட் கத்ரீனா (2010)
- மெமோரியல் டிரைவ் (2020)
- தி ஹவுஸ் ஆஃப் பீயிங் (2024)