ஜன்னலுக்குள் தெற்கு வானம்

1983-ஆம் வருடம் மே மாதம் 3-ஆம் தேதி. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகருக்கு அருகில் எழுபது வயது மனிதர் ஒருவர் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பெயர் ஜார்ஜ் ஆல்காக். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர் மலை உச்சியில் நிற்கவில்லை. பெரிய தொலைநோக்கியும் வைத்திருக்கவில்லை. தன் வீட்டுக்குள், சாத்திய ஜன்னலின் இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடி, 15×80 பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார்! ஐராஸ் என்ற செயற்கைக்கோளும், ஜப்பானியரான அராக்கியும் அதே வால்நட்சத்திரத்தைத் தனித்தனியாகக் கண்டிருந்ததால் அதற்கு ஐராஸ்-அராக்கி-ஆல்காக் என்று பெயர் வைத்தார்கள். அந்த மே 11-ஆம் தேதி அது பூமிக்கு சுமார் 47 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போனது. நிலவின் தூரத்தைப் போல் 12 மடங்குதான். அதற்கு முந்தைய 200 வருடங்களில் எந்த வால்நட்சத்திரமும் அவ்வளவு கிட்டத்தில் வந்ததாகப் பதிவில்லை.

நண்பர்களே, இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. வானம் பார்ப்பதைப் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், "இருட்டான திறந்த வெளிக்குச் செல்லுங்கள்" என்றுதான் முதல் வரி இருக்கும். போக முடியாதவர்கள் என்ன செய்வது? நாங்கள் இருப்பது வாடகை வீடு. மொட்டை மாடிக் கதவை ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் பூட்டிவிடுவார். பூட்டாவிட்டாலும், "வயசுப் பொண்ணு ராத்திரியில மாடியில தனியா நிக்கறதா?" என்று அப்பத்தா கேட்பார். நம் கல்லூரியில் படிக்கும் பெண்களில் பாதிப் பேர் வீட்டிலாவது இதே கேள்வி இருக்கும். விடுதியில் இருப்பவர்களுக்கோ கேட் இருக்கிறது. ஆக நமக்கு மிச்சம் இருப்பது ஜன்னல். அந்த ஜன்னலில் எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் சர்வே வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன? பிழையே இல்லாத அளவு கிடையாது. எவ்வளவு பிழை வரை தாங்கும் என்பதே கேள்வி. இங்கும் அப்படித்தான்.

கண்ணாடி எவ்வளவு கெடுக்கும்?

கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு கண்ணாடிக்கு இரண்டு பரப்பு, ஆகவே 8 சதவீதம் போகும். ஆல்காக்கின் இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு பரப்பு. சுமார் 15 சதவீதம் போயிருக்கும். இது பெரிய நஷ்டம் இல்லை. தெருவிளக்கு நம்மிடமிருந்து பறிப்பது இதைவிட அதிகம்.

உண்மையான சிக்கல் வேறு. ஜன்னல் கண்ணாடி லென்ஸ் மாதிரி துல்லியமாகத் தேய்க்கப்பட்டதல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். ஒளிக்கதிரைச் சில விநாடிக் கோணம் அது அப்படி இப்படித் திருப்பிவிடும். (நம் சர்வே லேபில் இருக்கும் தியோடலைட்டில் படிக்கக் கூடிய மிகச் சிறிய அளவு 20 விநாடி. ஒரு டிகிரியில் 3,600 விநாடி.) மனிதக் கண்ணால் சுமார் 60 விநாடி இடைவெளியைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில் அது 6 விநாடி ஆகும். அதற்குக் குறைந்த பிழை இருந்தாலும் நமக்குத் தெரியவே தெரியாது. அதே கண்ணாடிக்குப் பின்னால் 100 மடங்கு தொலைநோக்கியை வைத்தால், 0.6 விநாடிப் பிழைகூடக் கண்ணில் குத்தும். பிம்பம் குழைந்துபோகும்.

ஜன்னல்காரருக்குப் பைனாகுலரே போதும், தொலைநோக்கி வீண் என்பது இதிலிருந்து வருகிறது. வசதி இல்லாததால் சொல்லும் ஆறுதல் இல்லை இது, கணக்கு! ஆனால் ஒரு நிபந்தனை. கண்ணாடிக்கு நேர் செங்குத்தாகப் பார்க்க வேண்டும். சாய்வாகப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு பேய் நட்சத்திரம் தெரியும்.

அவர்களுக்குக் குளிர், நமக்குக் கொசு

இங்கிலாந்துக்காரர் ஜன்னலைச் சாத்தியது குளிருக்காக. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கதவைத் திறந்துவிட்டால் கண்ணாடிப் பிரச்சினையே தீர்ந்தது. ஆனால் நம் ஜன்னலில் இரும்புக் கம்பி இருக்கிறது, கொசுவலை இருக்கிறது.

முதலில் கம்பி. லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் பொருள் பிம்பத்தில் உருவமாக விழாது. சந்தேகம் இருந்தால் ஃபிசிக்ஸ் லேபில் குவிலென்ஸின் பாதியைக் கையால் மறைத்துப் பாருங்கள். திரையில் முழுப் படமும் தெரியும். வெளிச்சம் மட்டும் குறையும். லென்ஸின் ஒவ்வொரு பகுதியும் முழுப் பிம்பத்தையும் உண்டாக்குகிறது என்பதே காரணம். 12 மி.மீ. கம்பி ஒன்று 50 மி.மீ. லென்ஸின் நடுவே குறுக்கிட்டால் பரப்பில் சுமார் 30 சதவீதம் மறையும், அவ்வளவுதான். நான்கு அங்குல இடைவெளியில் கம்பி வைத்த ஜன்னலில், பைனாகுலரின் இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு கம்பி வருமாறு பிடித்தால் அந்த நஷ்டமும் இல்லை.

அதோடு கம்பியால் ஒரு லாபமும் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் கருவி, கை நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும். வெட்டவெளியில் நிற்பவர் இதற்கு முக்காலி தேட வேண்டும். நமக்கோ நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை ஜன்னல் திட்டில் ஊன்றி, கருவியைக் கம்பியோடு ஒரு துண்டால் அணைத்துக் கட்டினால் போதும். சும்மா கல்லு மாதிரி நிற்கும்.

கொசுவலையோடு மட்டும் சமரசம் கிடையாது. அதன் நுண்ணிய கண்ணிகள் ஒளியைச் சிதறடித்து, பிரகாசமான நட்சத்திரத்தைக் கூட்டல் குறி மாதிரி ஆக்கிவிடும். கணிசமான ஒளியையும் தின்றுவிடும். பார்க்கும் முக்கால் மணி நேரம் வலையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கொசுவர்த்தியை ஜன்னலில் வைக்காதீர்கள்; புகையும் சூட்டுக் காற்றும் பார்வைக்குக் குறுக்கே எழும். முதுகுக்குப் பின்னால் வையுங்கள். மின்விசிறியும் ஓடட்டும். அது கலைக்கும் காற்றால் வரும் கெடுதி பத்து மடங்கில் தெரியாது.

உங்கள் ஜன்னலை அளந்து பாருங்கள்

ஒரு கோணமானி, ஒரு நூல், நுனியில் கட்ட ஒரு நட்டு. இதுதான் கருவி. எதிர்வீட்டுக் கூரையின் உச்சி எத்தனை டிகிரி உயரம், உங்கள் ஜன்னலின் சன்ஷேடு எத்தனை டிகிரியில் மறைக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். எங்கள் ஜன்னல் தெற்குப் பார்த்தது. எதிரே ஓட்டு வீடு. 12 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை வானம் தெரிகிறது.

இனி, தெற்கே ஒரு நட்சத்திரம் அதிகபட்சம் எவ்வளவு உயரம் வரும்? 90-லிருந்து ஊரின் அட்சரேகையைக் கழித்து, அதிலிருந்து அந்த நட்சத்திரம் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் டிகிரியையும் கழித்தால் விடை. நம்ம ஊர் 11 டிகிரி. ஆகவே 79-லிருந்து கழித்தால் போதும்.

அகத்தியர் நட்சத்திரம் தெற்கே 53 டிகிரி. விடை 26. பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு ஜன்னலின் மத்தியில் நிற்கும். தெற்குச் சிலுவை தெற்கே 60 டிகிரி. விடை 19. மே நடுவில் பார்க்கலாம். ஆல்பா சென்டாரி 61 டிகிரி. விடை 18. ஜூன் நடுவில் வரும். சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் இதுதான்; தூரம் நாலேகால் ஒளியாண்டுக்குச் சற்று மேல். ஒமேகா சென்டாரி ஏறக்குறைய 47 டிகிரி. விடை 32. மே கடைசியில் பைனாகுலரில் ஒரு பஞ்சு உருண்டை மாதிரி தெரியும். சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில், ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒன்றாகத் திரண்டிருக்கும் கொத்து அது!

இதே கணக்கைப் பீட்டர்பரோவுக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஊர் 52 டிகிரிக்கும் மேல். ஒமேகா சென்டாரிக்கு விடை மைனஸில் வரும். அதாவது, அங்கே அது உதிப்பதே இல்லை. எத்தனையோ நட்சத்திரங்களின் இடத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஆல்காக்கின் ஜன்னலுக்கு அது ஒருநாளும் வந்திருக்காது. எட்மண்ட் ஹாலி என்ற மாணவர் 1676-ல், தனது 20-ஆவது வயதில், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தெற்கு நட்சத்திரங்களை அளப்பதற்காகக் கப்பலேறி அட்லாண்டிக் கடலில் உள்ள செயிண்ட் ஹெலினா தீவுக்குப் போனார். 1677-ல் அங்கேதான், அதுவரை ஒற்றை நட்சத்திரம் என்று எண்ணப்பட்ட ஒமேகா சென்டாரி மங்கலான திட்டுப்போல் இருப்பதைக் கவனித்தார். அவர் கடல் தாண்டிப் போய்ப் பார்த்தது, நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எதிர்வீட்டு ஓட்டுக்கு மேலே தானாக வருகிறது!

ஜன்னல் நகராது, பூமி நகரும்

ஜன்னலைத் திருப்ப முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் 4 நிமிடம் முன்னதாக வருகிறது; மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரே நேரத்தில் ஒரே நாற்காலியில் வருடம் முழுவதும் உட்கார்ந்தால், அந்த உயரத்தில் உள்ள வானம் முழுவதும் வரிசையாக முன்னால் வந்து போகும். பழைய சென்னை வானாய்வகத்தில் இருந்த ஒரு முக்கியத் தொலைநோக்கியும் வடக்கு-தெற்குக் கோட்டில் மேலும் கீழும் மட்டுமே அசையக் கூடியது. நட்சத்திரம் அந்தக் கோட்டைத் தாண்டும் வரை காத்திருந்து குறித்துக்கொள்வார்கள். அந்த வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரிதான் 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் நட்சத்திரத்தைக் கண்டறிந்தவர். அதுவும் தெற்கு வானத்து நட்சத்திரமே.

இழப்பையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கோள்கள் பெரும்பாலும் உச்சிக்குப் பக்கத்தில் போகும். கார்த்திகைக் கூட்டமும், திருவாதிரை இருக்கும் ஓரியன் கூட்டமும் அப்படித்தான். தெற்கு ஜன்னலில் இவை உச்சியில் இருக்கும்போது தெரியாது. மாதத்தில் ஓரிரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா துணைக்கு வந்து, வீட்டுக்காரரிடம் சாவி கேட்டு வாங்கும்போது மாடியில் பார்த்துக்கொள்கிறேன். சனியின் வளையம் தெரியக் குறைந்தது 25 மடங்கு வேண்டும். அது பத்து மடங்குப் பைனாகுலரில் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்துக்கே சொந்தம். அதில் மாடிக்கும் ஜன்னலுக்கும் வித்தியாசம் இல்லை.

வெளிச்சமும் அக்கம்பக்கமும்

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி டியூப் லைட் போட்டால் மறுபடி முதலிலிருந்து. நோட்டில் எழுத, டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் இரண்டு மடிப்பு கட்டிக்கொள்ளுங்கள். இருட்டில் வேலை செய்யும் கண் செல்களைச் சிவப்பு ஒளி அதிகம் பாதிக்காது. தெருவிளக்குக்கு, பழைய போட்டோகிராபர் மாதிரி தலையோடு ஒரு கறுப்புத் துணி.

இன்னொன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரவில் ஜன்னலில் பைனாகுலரோடு உட்கார்ந்தால், "எதிர்வீட்டை நோட்டம் விடுகிறார்கள்" என்றுதான் தெருவில் பேசுவார்கள். அதனால் முதலிலேயே எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு அகத்தியரைக் காட்டிவிட்டேன். இப்போது ஒன்பது மணி ஆனால் அவரே தன் வாசல் விளக்கை அணைத்துவிடுகிறார். ஒளி இழப்பில் இவ்வளவு பெரிய லாபம் எந்த லென்ஸும் தரவில்லை!

நான் பயன்படுத்தும் 10×50, ஃபிசிக்ஸ் மேடம் விடுமுறைக்கு இரவல் கொடுத்தது. இருட்டில் 7 மி.மீ. விரியும் கண்மணியைவிட அதன் 50 மி.மீ. லென்ஸ் சுமார் 50 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. இரவல் பொருள், திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விளையாட்டுச் சாமான்கள் வாங்கும்போது ஒரு 10×50 பைனாகுலரும் வாங்குங்கள். அதை ஷோகேஸில் வைக்காமல், நூலகப் புத்தகம் மாதிரி கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுங்கள். மாடிக்குப் போக முடியாதவர்களுக்கு முதலில் கொடுங்கள். அவரவர் தத்தம் ஜன்னலை அளந்து, கண்டதை ஒரே நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த மலரில் எழுத வேறு யாருக்காவது விஷயம் கிடைக்கும்.