எவ்வளவு தேவலை?

மாரமங்கலத்திலிருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். எதிலும் நாட்டமின்றி மூலையில் முடங்கிவிட்ட பத்தொன்பது வயது மகனை ஒரு தாய் அப்படி அழைத்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கூலியும் போயிற்று. பஸ் செலவும் ஆயிற்று.

"எப்படி இருக்கே, தம்பி?" என்கிறார் டாக்டர்.

"தேவலைங்க."

"சரி, அதே மாத்திரையைச் சாப்பிடு. அடுத்த மாசம் வா."

அவ்வளவுதான்! ஆனால், எவ்வளவு தேவலை? போன மாதத்தைவிடக் கூடவா, குறைவா? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. மனத்துக்கு?

மனத்துக்கும் உண்டு. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று பல தேசங்களில் வழங்குகிறது. கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம், பசி, உற்சாகம் எல்லாம் எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க்கு, மொத்தம் 27. பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர் விரோதம் இது: குறையக் குறையத்தான் சந்தோஷம்! சில வாரங்களாகியும் குறையவில்லையானால், சிகிச்சையை மாற்றலாமா என்று டாக்டர் யோசிப்பார். வீணாய்ப் போகும் மாதங்கள் மிச்சம்.

இதைவிடக் கடுமையான நோய்களிலும் அளவுகோல் உதவியிருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-ல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனமும், கனடாவின் மாண்ட்ரியால் நகர டாக்டர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். முதன்முறையாகச் சித்தப்பிரமை கண்டவர்களில் சென்னையில் 168 பேர், அங்கே 165 பேர். ஒரே மாதிரி சிகிச்சை, ஒரே அளவுகோல், இரண்டு ஆண்டு. 2020-ல் முடிவு வெளியாயிற்று. பிரமைகள் அடங்கியதில் இரு ஊரும் ஏறக்குறையச் சமம். ஆனால் பேச்சற்று ஒடுங்கிக் கிடக்கும் நிலையிலிருந்து மீண்டவர்கள் சென்னையில்தான் அதிகம்! வீட்டார் விடாமல் கூடவே நின்றது ஒரு காரணமாயிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் அபிப்பிராயம்.

ஆகவே, மாரமங்கலத்துத் தாயும் ஓர் அளவுகோல்தான். பையன் காப்பித் தோட்டத்துக்கு எத்தனை நாள் போனான், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டானா என்பதெல்லாம் அவளுக்கல்லவா தெரியும்? அதையும் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மிளகை நிறுக்காமல் விலை பேசுகிறவர் மலையில் உண்டா? பிள்ளையின் மனசை மட்டும் 'தேவலை' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமா?