கார் டிரிம்மில் ஒட்டிய கார்பன் ஃபைபர் வினைல் ஓரத்தில் உரிவது ஏன்?

டாஷ்போர்டுப் பட்டையிலும் கதவுக் கைப்பிடியிலும் ஒட்டிய தாள் சில வாரங்களில் ஓரம் கிளம்பினால், பசையைத்தான் குறை சொல்கிறோம். உண்மையில் முக்கியக் காரணம் தாளுக்குள் இருக்கும் இழுவிசை. இந்தத் தாளில் பெரும்பாலும் கார்பன் இழையே கிடையாது. நெசவுபோல் மேடு பள்ளம் பதித்த பிவிசி பிளாஸ்டிக்தான் அது. பிசைந்த உடனே தேய்த்த பரோட்டா மாவைக் கவனித்திருப்பீர்கள். கையை எடுத்ததும் சுருங்கும். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளும் அப்படித்தான். வளைவில் இழுத்தால் நீள்கின்றன. பிறகு பழைய நிலைக்கு மீளப் பார்க்கின்றன.

ஒட்டும்போதே ஹீட் கன் காட்டினோமே, போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அந்த மிதமான சூடு தாளை இளக்குகிறது. இழுத்த நிலையிலேயே ஆறுவதால் விசை உள்ளே தங்கிவிடுகிறது. வெயிலில் நின்ற கார் சூடேறியதும் அந்த விசை ஓரத்தை இழுக்கிறது. பசையைக் கூட்டினாலும் பயனில்லை. அழுத்தத்தால் ஒட்டும் இந்தப் பசை, ஓயாத இழுப்புக்கு மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும்.

ஆகவே ஒட்டி முடித்தபின், தாளை இழுக்காமல், ஓரங்களையும் குழிகளையும் சுமார் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை மீண்டும் சூடாக்குங்கள். அடியிலுள்ள பிளாஸ்டிக் நெளியாதபடி ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே இருங்கள். சங்கிலிகள் தளர்ந்து புதிய வடிவத்திலேயே நிலைகொள்ளும். தாளின் வகையும் முக்கியம். திரவமாக ஊற்றி உலர்த்திய வார்ப்புத் தாளில் இழுவிசை குறைவு. உருளைகளிடையே நசுக்கி நீட்டிய மலிவுத் தாள் தயாராகும்போதே சுருங்கும் விசையோடு வருகிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதும் அவசியம்தான். ஆனால் கடைசிச் சூட்டைத் தவிர்த்தால் அந்த உழைப்பும் வீண்.