முசஃபா வெயிலுக்கு என்ன உடுத்துவது?

அபுதாபித் தீவைத் தாண்டிக் கிடக்கிறது முசஃபா. ஒர்க்‌ஷாப்புகள், இரும்பு யார்டுகள், கிடங்குகள், லேபர் கேம்ப்புகள், ஒட்டினாற்போலக் குடும்பங்கள் வாழும் ஷாபியா என்று பரந்து விரிந்த தொழிற்பேட்டை அது. வெல்டராக, ஃபிட்டராக, டிரைவராக, கணக்கராக அங்கே போகிற தமிழர்களும், அவர்களைப் பார்க்க விசிட் விசாவில் கிளம்பும் பெற்றோரும் மனைவியரும் பெட்டி கட்டும்போது துணிமணி பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். வெயில் ஊர், மெல்லிசாகச் சின்னதாக எடுத்துக்கொள் என்பார் ஒருவர். அரபு நாடு, புழுங்கினாலும் பரவாயில்லை, மூடிக்கொள் என்பார் இன்னொருவர். உடம்பின் தேவை ஒரு பக்கமும் ஊரின் மரியாதை மறுபக்கமும் இழுக்கிறது என்ற எண்ணம்தான் இரண்டு பதிலுக்கும் அடியில் இருக்கிறது. அப்படி ஓர் இழுபறியே இல்லை என்பது என் வாதம். உடலை மூடுகிற, ஆனால் உடலோடு ஒட்டாத உடை அங்கே இரண்டுக்குமே பொருந்திவிடும்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. வெளியே 42 டிகிரி அடிக்கும்போது திறந்த மேனியில் படும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லாது, கொண்டுவந்து சேர்க்கும். நேர்வெயிலும், மணலிலும் கான்கிரீட்டிலும் பட்டுத் திரும்பும் சூடும் அதனுடன் கூடிக்கொள்ளும். அந்த நிலையில் உடலுக்குக் கைகொடுப்பது வியர்வை மட்டுமே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். ஆவியாகாமல் சொட்டிப்போன வியர்வையால் அந்தப் பயன் இல்லை. ஆகவே உடை வெயிலைத் தடுக்கவும் வேண்டும், வியர்வை உலரக் காற்றுக்கு வழிவிடவும் வேண்டும். அமீரக ஆண்கள் அணியும் கந்தூரா இதைத்தான் செய்கிறது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை இடுப்பில் இறுக்கமின்றித் தொங்குகிறது. நடக்க நடக்க உள்ளே காற்று அசைகிறது. தலையில் போடும் குத்ரா பிடரியையும் காதையும் வெயிலிலிருந்து மறைக்கிறது. சினாய்ப் பாலைவனத்துப் பெதுயின் மக்கள் கருப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்து 1980இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கருப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சினாலும், அந்தக் கூடுதல் வெப்பம் தோலை எட்டுமுன்பே அங்கிக்குள் ஓடும் காற்றோடு போய்விடுகிறது. இரு நிறத்திலும் உடலுக்குச் சேரும் வெப்பம் ஒன்றுதான் என்று அதில் கண்டார்கள். தளர்வு இருந்தால் நிறம்கூட இரண்டாம்பட்சம்தான் போலும்.

சினாய் வறண்ட பாலை, முசஃபா கடலோரம், அங்கே செல்லுபடியானது இங்கே எப்படிச் செல்லும் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆகஸ்ட் மாத ராத்திரியில்கூட மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும் ஈரம் அபுதாபியில் உண்டு. காற்றே நனைந்திருக்கும்போது வியர்வை எளிதில் உலராது; மூடுவதன் ஆதாயமும் குறைந்துபோகும். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அதிலிருந்து வருகிற முடிவு உடையைக் குறை என்பதல்ல, இன்னும் தளர்த்து என்பதே. தோலை ஒட்டிய ஈரக்காற்றை வெளியே தள்ள இடம் வேண்டும். இறுகிய ஜீன்ஸும் உடம்பைப் பிடித்த டி-சர்ட்டும் அந்த இடத்தைத்தான் பறிக்கின்றன; வேர்க்குருவும் தொடை உரசலும் அங்கிருந்து தொடங்குகின்றன. பருத்தியா பாலியெஸ்டரா என்ற பழைய சண்டையைக்கூட இந்த அளவுகோலில் பார்ப்பது நல்லது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதனால் தொப்பலாக நனைந்தால் மேனியோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த பருத்தியைவிட இடைவெளி விட்டு நெய்த மெல்லிய துணி, அது கலப்புத் துணியாகவே இருந்தாலும், அந்த வேளையில் உதவும்.

இனி ஊரின் மரியாதை. அபுதாபி ஷேக் சயீத் பெரிய பள்ளிவாசலில் பெண்கள் தலையை மூடி, நீளக் கையும் கணுக்கால்வரை நீளமும் உள்ள உடையில் வர வேண்டும். இறுக்கமானதும் உள்ளே தெரிவதும் கூடாது. 2024 பிப்ரவரி 14 அன்று அபு முரைக்காவில் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயிலும் கழுத்து, முழங்கை, கணுக்காலுக்கு இடைப்பட்ட உடலை மூடி வரச் சொல்கிறது. இரண்டு மதம், ஒரே உடை! துப்பட்டாவோடு ஒரு பருத்திச் சல்வார் இரண்டு இடத்திலும் நுழையும். மாலில் ஏசி நடுக்கும்போது அதே துப்பட்டா போர்வையாகும். துபாயில் இப்போது யார் கேட்கிறார்கள் என்பார்கள் சிலர். கடற்கரையிலும் ஹோட்டலிலும் கேட்பதில்லைதான். ஆனால் ஷார்ஜாவில் 2001 முதலே உடைக்கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. தவிர, வெறும் சட்டபயத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. நம் கைலியையே எடுத்துக்கொள்ளுங்கள். தளர்வுக்கு அதை மிஞ்ச ஏதுமில்லை; கேம்ப் அறைகளில் அதுதான் ராஜா. ஆனால் அமீரகத்தில் அதைப் போன்ற துணியைக் கந்தூராவுக்கு உள்ளே கட்டுகிறார்கள். கைலியோடு அலுவலகத்துக்கோ மாலுக்கோ போகிறவர் உள்ளாடையோடு வந்ததாக அந்த ஊர்க்காரர் கண்ணுக்குப் படலாம். ஏமனில் அதே வகைத் துணி ஆண்களின் வெளியுடை. எந்த மண்ணில் நிற்கிறோம் என்று அறிந்து உடுத்துவது அந்த மண்ணின் மக்களுக்குக் காட்டும் அன்பு. அதை அடிமைத்தனம் என்று நான் நினைக்கவில்லை.

வளைகுடா முழுக்க ஒரே வானிலையும் அல்ல. ஜூலையில் குவைத் வறண்டு எரியும். 2016 ஜூலை 21இல் அங்குள்ள மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானது. அதே மாதம் ஓமானின் சலாலாவில் பருவமழைத் தூறலும் பச்சை மலையும் இருக்கும், குடை வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் சவூதியின் அப்ஹாவில் இரவில் கம்பளி கேட்கும். முசஃபாவிலேயே ஜனவரி விடியலில் ஸ்வெட்டர் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய தளர்ந்த உடைகளே இந்த மாற்றங்களுக்கு ஈடுகொடுக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மிகக் கனமான ஆட்சேபம் பாக்கி இருக்கிறது. முசஃபாவில் வெயிலை அதிகம் தாங்குகிறவருக்கு உடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. கம்பெனி கொடுக்கும் கவராலைத்தான் அவர் மாட்ட வேண்டும். கவரால் உடலை மூடுகிறது, ஆனால் காற்றை விடுவதில்லை. மூடினால் போதும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு அதுவே சாட்சி. வெல்டிங்கில் பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும் என்பதால் தீப்பொறி தாங்கும் பருத்தி கட்டாயம். அதில் சமரசம் கூடாது. ஆனால் பொறி பறக்காத வேலைக்கும் அதே தடித்த துணியைக் கொடுப்பது சிக்கனமல்ல, அலட்சியம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்தவெளி வேலைக்கு அமீரகம் தடை விதித்திருக்கிறது. எந்த உடையாலும் காக்க முடியாத நேரம் உண்டு என்று அரசே ஒப்புக்கொள்கிறது என்றுதான் இதற்குப் பொருள். மீதி நேரத்துக்கு நிறுவனங்கள் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது: வெளிர் நிறம், ஒரு சைஸ் பெரிய தையல், அக்குளில் காற்றுத் துளை, சட்டையும் பேண்ட்டுமாகப் பிரித்த சீருடை, தினமும் துவைத்து மாற்ற ஆளுக்கு மூன்று செட். ஊரிலிருந்து புதிதாக இறங்குகிறவரின் உடல் அந்த வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், இவற்றை அவர் கைக்கு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும்.