பனித்தளத்துப் பாடகர்

கோவளத்துக் கடலில் பலகைமீது நின்று அலையோடு சறுக்கி வரும் மீனவ இளைஞர்களைக் கண்ட நேயர்களுக்கு, பனிக்கட்டித் தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஹாக்கி அவ்வளவு விந்தையாகத் தோன்றாது. அமெரிக்காவிலும் கானடாவிலும் ஜனங்களுக்கு அந்த ஆட்டத்தில் அபார மோகம். ஆட்டம் தொடங்குமுன் தேசிய கீதம் பாடுவதற்கென்றே அங்கே பாடகர்கள் உண்டு.

பாஸ்டன் நகரின் 'ப்ரூயின்ஸ்' கோஷ்டிக்காக 1976 முதல் 2018 வரை இவ்விதம் பாடியவர் ரெனே ரான்கோர்ட். கம்பீரமான சாரீரம். கானடா கோஷ்டி வந்தால் அந்நாட்டுக் கீதத்தையும் அவரே பாடிவிடுவார். பாடி முடித்ததும் முஷ்டியை மடக்கிக் காற்றிலே ஓங்கி ஒரு குத்து! ராண்டி பரிட்ஜ் என்ற ஆட்டக்காரரைப் பார்த்துப் பழகிக்கொண்டதாம் அது.

வேடிக்கை மனிதர் என்று நாம் சிரித்துவிட்டுப் போயிருப்போம், 2013 ஏப்ரல் 17-ந் தேதி நடந்ததைக் கேள்விப்படாதிருந்தால். அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்து மூவர் மாண்டிருந்தனர். அன்று மாலை ரான்கோர்ட் முதல் சில அடிகளைப் பாடினார்; பிறகு ஒலிபெருக்கிக் குழாயைத் தாழ்த்திக்கொண்டு, ஜனங்களை நோக்கிக் கையசைத்தார். பதினேழாயிரம் பேர் பாடி முடித்தார்கள். நாற்பதாண்டுகளில் அவர் பாடியவற்றுள் சிறந்தது, பாடாமல் விட்ட அந்தப் பகுதியே என்பது நமது அபிப்பிராயம்.

நம் புல்தரை ஹாக்கி வீரர்களோ, பாடுவதற்குச் சொந்தக் கீதமே இல்லாமல் ஆடியவர்கள். 1936 ஆகஸ்ட் 15-ந் தேதி, பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் பந்தயம். அந்நாளில் இந்தியாவின் கீதமென்று உலகம் அறிந்தது பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் பாட்டுத்தான். உடை மாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, தயான்சந்தும் தோழர்களும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டு மைதானத்தில் இறங்கினார்கள். ஜெர்மனியை 8-1 கணக்கில் வென்றார்கள். 1948 ஆகஸ்ட் 12-ல் லண்டனில் பிரிட்டனையே 4-0 என்று தோற்கடித்தபோது, அந்தக் கொடிக்கு ஒளிய வேண்டிய அவசியமிருக்கவில்லை.

அதே ஆகஸ்ட் 12-ல், 2023-ம் ஆண்டு, சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன் கோப்பையைப் பெற்றது. ஆயினும் சர்வதேசப் பந்தயங்களில் கீதம் பெரும்பாலும் ஒலிப்பதிவிலிருந்தே கிளம்புகிறது. மொத்தம் 52 விநாடி. சங்கீதத்துக்குப் பஞ்சமில்லாத சென்னையில் அதற்கு ஒரு குரல் கிடைக்காதா? பள்ளிச் சிறுமி ஒருத்தியைப் பாடச் சொல்லிப் பார்க்கலாமே! முதலடியை அவள் எடுத்துக் கொடுத்தால், மற்றதை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள்.